உள்ளறையில் பெயர் பொறித்தவர்கள்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருக்கிறது காரியாபட்டி. சுற்றிலும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்துவிட்டு, இரண்டு வாரம் வானம் ஏமாற்றினால் வாடிப்போகும் சிற்றூர்கள் இங்கே ஏராளம். இப்பகுதியில் பிறந்து, தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவர்கள் சிலர், வடகிழக்குப் பருவமழையைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதத் தலைப்பட்டனர். அவர்கள் புள்ளியியல் மாணவர்கள். தமிழ் கற்பிக்கும் நமக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். முன்னுரையைப் பிழைதிருத்தித் தரும்படி நண்பரான பேராசிரியர் அழைத்ததால் சென்றோம். சென்ற இடத்தில் எதிர்பாராமல் ஒரு கல்வெட்டைப் படித்துவிட்டுத் திரும்பினோம்.

மாணவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் ஆர். புள்ளியியல் கணக்கீடுகளுக்காகவே பிறந்த மொழி அது. ஒரு மாணவர் அன்றாட மழையளவுகளைக் கணினிக்குள் ஏற்றி, 'கியூகியூநார்ம்' என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டினார். திரையில் ஒரு படம் எழுந்தது. புள்ளிகள் நெடுந்தூரம் தரையோடு படுத்துக் கிடந்துவிட்டுச் சடாரென்று செங்குத்தாக ஏறின. பல நாள் மழையே இல்லை. பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. நம் ஊர் மழையின் குணத்தை அந்தப் படம் அப்படியே சொல்லிவிட்டது.

"இதை எப்படி வரைந்தது?" என்று கேட்டோம்.

"அதுவா வரைஞ்சிரும் ஐயா. உள்ள இருக்கிறதெல்லாம் அவங்க எழுதி வச்சது. நமக்கு எதைத் தட்டணும்னு தெரிஞ்சாப் போதும்."

அந்த 'அவங்க' என்ற சொல் நம்மை உறுத்தியது. யார் அந்த அவர்கள்? எங்கோ இருப்பவர்கள், பெயர் தெரியாதவர்கள், நாம் எட்டிப் பார்க்க இயலாத அறைக்குள் அமர்ந்திருப்பவர்கள் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள் அதை அப்படியே விட்டுவிட முடியாது. நண்பரை அருகில் அமர்த்திக்கொண்டு உள்ளறையைத் திறந்து பார்க்கலானோம்.

ஆர் மொழியில் ஒரு செயற்கூற்றின் பெயரை மட்டும், அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால், அது தன் உடலைத் திறந்து காட்டும். கியூகியூநார்ம் தன் இயல்பு வடிவமான 'கியூகியூநார்ம் டாட் டிஃபால்ட்' என்பதற்கு வழிகாட்டியது; அதைத் திறந்தால் சில வரிகள். அவற்றுள் ஒன்று 'கியூநார்ம்' என்ற மற்றொரு கூற்றை அழைத்தது. அதன் பெயரைத் தட்டினோம். அதற்கு உடலே இல்லை எனலாம். ஒரே ஒரு வரி: 'டாட் கால்' என்று தொடங்கி, 'சி_கியூநார்ம்' என்ற ஒன்றைச் சுட்டிவிட்டு முடிந்துபோயிற்று. மாணவர் சிரித்தார். "பாத்தீங்களா ஐயா, இதுக்கு மேல கதவு பூட்டியிருக்கு."

அது பூட்டிய கதவன்று, வாசல். அந்த வாசலைப் புரிந்துகொள்ள, கணினி மொழிகள் இயங்கும் இருவகை முறைகளை முதலில் அறியவேண்டும்.

புராணச் சொற்பொழிவு கேட்டிருப்பீர்கள். ஒருவர் பாட்டின் ஓரடியைப் படிப்பார். மற்றவர் பொருள் சொல்வார். பிறகு அடுத்த அடி. நாளை அதே பாட்டைப் படித்தாலும் மீண்டும் முதலிலிருந்து பொருள் சொல்லியாக வேண்டும். ஆர் போன்ற மொழிகள் அடிப்படையில் இவ்வகையின. எழுதுவது எளிது, உடனுக்குடன் விடை வரும், ஆனால் ஒரே செயலைக் கோடி முறை செய்யச் சொன்னால் தளர்ந்துவிடும். மற்றொரு முறை, நூல் முழுவதையும் ஒரே தடவையில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிடுவது. பிறகு உரைகாரர் தேவையில்லை. சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் இவ்வாறே எந்திரத்தின் சொந்த மொழிக்கு மாற்றி வைத்துவிடுகிறது. எழுதுவது கடினம், ஓடத் தொடங்கினால் வேகம் மிகப் பெரிது. 2011இல் ஆருக்குள்ளேயே ஒரு கம்பைலர் சேர்ந்தது. 2017 முதல் அது தானாகவே இயங்குகிறது. ஆயினும் அது மாற்றுவது ஓர் இடைநிலை வடிவத்துக்குத்தான். சியின் வேகம் இன்றும் தனி. டாட் கால் என்பது முதல் முறையிலிருந்து இரண்டாம் முறைக்குக் கடந்துசெல்லும் வாசல்.

இந்த வாசலைப் பிற்காலத்தில் யாரோ உடைத்து வைத்ததாகவே நாம் முதலில் எண்ணினோம். வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. வீடு கட்டும்போது முதலில் நட்டதே இந்த நிலைதான்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் மரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வகம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியது அங்கேதான். அதே ஆய்வகத்தின் புள்ளியியலாளர்கள் அக்காலத்தில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய துணைநிரல்களின் பெருந்தொகுப்பொன்றை வைத்திருந்தார்கள். அவை தரமானவை, நம்பத்தக்கவை. ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்பினாலும், அதற்கென ஒரு முழு ஃபோர்ட்ரான் நிரலை எழுதியாகவேண்டும். ஒரு குவளை தண்ணீருக்குக் கிணறு வெட்டிய கதை.

1976ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், ஜான் சேம்பர்ஸ், ரிக் பெக்கர் முதலானோர் இதைப் பற்றிப் பேசக் கூடினார்கள். அன்று சேம்பர்ஸ் வரைந்த கைப்படம் ஒன்று பாதுகாக்கப்பட்டு, அவருடைய உரைகளில் பின்னர் காட்டப்பட்டிருக்கிறது. அதன் நடுவில் 'ஏபிசி' என்றொரு ஃபோர்ட்ரான் வழிமுறை. அதற்கு 'எக்ஸ்ஏபிசி' என்று பெயரிட்ட இடைமுகம் ஒன்று. பயனர் தம் மொழியில் கேட்பதை உள்ளே இருக்கும் ஏபிசிக்குப் புரியும்படி சொல்வதும், அது தரும் விடையை வெளியே கொண்டுவருவதும் இந்த இடைமுகத்தின் பணி. மொழியின் பெயர்கூட அன்று முடிவாகவில்லை. பிறகுதான், சி என்ற ஓரெழுத்துப் பெயரின் முன்மாதிரியில் எஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆக, மொழிக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வாசல் வைத்துவிட்டார்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் நல்ல உழைப்பை வீணாக்காமல் வெளியே இருப்பவர்க்கு எட்டச் செய்வதே அம்மொழி பிறந்ததன் நோக்கம்.

எஸ் பிறகு யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியது. 1988இல் பெக்கர், சேம்பர்ஸ், வில்க்ஸ் மூவரும் வெளியிட்ட நூல் புதிய எஸ் மொழியை அறிவித்தது. அதன் உள்ளகம் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டிருந்தது. ஒரே கூரையின்கீழ்ப் பிறந்த இரண்டு ஓரெழுத்து மொழிகளும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தன.

இனி, நம் மாணவர் 'அவங்க' என்று குறிப்பிட்டவர்களுள் ஒருவரைப் பார்ப்போம்.

அந்தப் பெல் ஆய்வகத்தில் புள்ளியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர்களுள் ஒருவர் ராமநாதன் ஞானதேசிகன். 1932இல் சென்னையில் பிறந்தவர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில், கொல்கத்தாவிலிருந்து சென்ற எஸ்.என்.ராயிடம் ஆய்வு செய்து, 1957இல் முனைவர் பட்டம் பெற்றவர். இவரும் மார்ட்டின் வில்க் என்ற கனடியரும் சேர்ந்து 1968இல் 'பயோமெட்ரிக்கா' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்று உலகெங்கும் கியூ-கியூ வரைபடம் என்று வழங்கும் முறையை நிலைநிறுத்திய கட்டுரை அதுதான். காரியாபட்டி மழையின் குணத்தைச் சொன்ன அந்தப் படம், சென்னையில் பிறந்த ஒருவரின் கைப்பட்டது!

இதைச் சொன்னபோது மாணவர் நம்பவில்லை. "அவர் பேர் எங்க ஐயா இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. கியூகியூநார்ம் என்ற பெயரில் ஞானதேசிகன் இல்லை. மகலநோபிஸுக்கு வாய்த்தது இவருக்கு வாய்க்கவில்லை. 1936இல் மகலநோபிஸ் வரையறுத்த தொலைவைக் கணக்கிடும் கூற்று, ஆர் மொழியில் 'மகலநோபிஸ்' என்ற பெயராலேயே வழங்குகிறது.

படத்தின் கருத்து எளியது. மழையளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். இவை இயல்நிலைப் பரவலைப் பின்பற்றியிருந்தால் ஒவ்வொன்றும் எங்கே விழுந்திருக்கும் என்று கணக்கிடுங்கள். இரண்டையும் எதிரெதிரே குறியுங்கள். நேர்கோடு வந்தால் இயல்நிலை, வளைந்தால் அன்று. ஆனால் 'எங்கே விழுந்திருக்கும்' என்ற கணக்குக்கு நேரடியான வாய்பாடு கிடையாது, தோராயத்தால்தான் அணுகவேண்டும். கியூநார்ம் செய்யும் வேலை அதுவே. அந்த வேலை வாசலுக்கு அப்பால், சி மொழியில் நடக்கிறது.

ஆர் கட்டற்ற மென்பொருள் என்பதால் வாசலுக்கு அப்பாலும் போகலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக, எஸ்ஸைப் போன்ற மொழியொன்றை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். இருவர் பெயரின் முதலெழுத்தும் ஆர். மொழிக்கும் அதுவே பெயராயிற்று. இஹாக்கா மாவோரி வழிவந்தவர். 1993இல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். 1995இல் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தின்கீழ் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். 1997இல் அதைப் பேணும் மையக் குழு அமைந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் 1.0.0 என்ற பதிப்பு வந்தது. ஆசிரியர்கள் மாணவர்களுக்காகச் செய்ததொன்று உலகுக்கே பயன்பட்டது என்பது, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்குச் சற்றே பெருமிதம் தரும் செய்தி.

நண்பர் மூலநிரலைத் தரவிறக்கி, கியூநார்ம் கோப்பைத் திறந்தார். நாம் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டோம். சி மொழி நமக்குத் தெரியாது. ஆனால் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கச் சி தெரியவேண்டியதில்லை. 1998, ராஸ் இஹாக்கா. 2000 முதல், ஆர் மையக் குழு. அடிப்படையாகக் கொண்டவை, ராயல் புள்ளியியல் கழகம் 1977லும் 1988லும் வெளியிட்ட இரு வழிமுறைகள். முன்னது பீஸ்லி, ஸ்பிரிங்கர் இருவருடையது. பின்னது சிகாகோவின் மைக்கேல் விச்சுரா உடையது. ஏறத்தாழ 16 இலக்கம் வரை துல்லியம் தரும் விச்சுராவின் எண்கள் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. நடுப்பகுதிக்கு ஒரு தொகுதி, ஓரங்களுக்கு வேறு தொகுதிகள்.

வாசகர்களுக்கு வேள்விக்குடிச் செப்பேடு நினைவுக்கு வருகிறதா? நமக்கு வந்தது. இந்தப் பாண்டிய நாட்டின் ஆவணம். இன்று இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகுடுமிப் பெருவழுதி அளித்து, களப்பிரர் காலத்தில் பறிபோன ஊரை, பாண்டியன் நெடுஞ்சடையன் 8ஆம் நூற்றாண்டில் மீட்டுத்தந்த செய்தியைச் சொல்வது. ஒரே ஆவணம், இரண்டு மொழிகள்: வடமொழிப் பகுதி ஒன்று, தமிழ்ப் பகுதி ஒன்று. வடமொழிப் பகுதியைப் பாடியவர் பெயரும், தமிழ்ப் பகுதியை இயற்றிய சாத்தன் சாத்தன் பெயரும், எழுத்து வெட்டிய யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன் பெயரும் அதிலேயே பதிவாகியுள்ளன. மெய்க்கீர்த்தியை மட்டும் படித்தால் அரசன் மட்டுமே தெரிவான். கடைசி வரி வரை படித்தால்தான் கைகள் தெரியும்.

ஆர் மொழியில் இத்தகைய அடுக்குகள் எங்கும் உள்ளன. ஒருபடித் தொடர்புப் பகுப்பாய்வுக்கு மாணவர்கள் நாள்தோறும் தட்டும் 'எல்எம்' என்ற ஈரெழுத்துக் கட்டளை, ஆரிலிருந்து சிக்குச் செல்கிறது. சியிலிருந்து ஃபோர்ட்ரானுக்குச் செல்கிறது. அந்த ஃபோர்ட்ரான் பகுதி 1970களில் உருவான லின்பேக் என்னும் நிரல்தொகுப்பின் வழிவந்தது. மகலநோபிஸ் கூற்றைத் தோண்டிக்கொண்டே போனாலும் அடியில் ஃபோர்ட்ரான் பாறை தட்டுப்படும். 1976 மே மாதத்துக் கைப்படம் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

படிப்பதோடு நிற்காமல், தாமும் ஒரு வாசல் வைத்துப் பார்க்க மாணவர்கள் விரும்பினார்கள். அதற்கு அவர்களுக்கு மெய்யான தேவையும் இருந்தது. மானாவாரிப் பயிரைக் கொல்வது மொத்த மழையின் குறைவு மட்டுமன்று, மழைக்கு இடையே விழும் நீண்ட வறண்ட இடைவெளி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள்கள். 30 ஆண்டுகளுக்கு 2,760 நாள்கள். அவற்றின் வரிசையைச் சீட்டுக்கட்டுப்போல் கலைத்து, தற்செயலாகவே இவ்வளவு நீண்ட இடைவெளி விழக்கூடுமா என்று பார்க்கவேண்டும். 1,00,000 முறை கலைத்தால் 27 கோடியே 60 இலட்சம் நாள்களை எண்ணியாகவேண்டும். ஆரிலேயே எழுதிய சுழற்சி, கல்லூரியின் பழைய கணினியில் நிமிடக்கணக்கில் ஓடியது. எண்ணும் பகுதியைச் சியில் எழுதி, கம்பைல் செய்து, ஆருக்குள் ஏற்றினார்கள்.

வாசல்கள் இரண்டு வகை. பழையது 'டாட் சி'. வெறும் எண்வரிசைகளை மட்டும் உள்ளே அனுப்பும். முழு எண்ணா, தசம எண்ணா என்பதை அனுப்புபவரே சரியாகச் சொல்லவேண்டும். மற்றது டாட் கால். 1998 வாக்கில் எஸ் மொழியின் நான்காம் பதிப்பில் அறிமுகமான இடைமுகத்தை ஒட்டியது. ஆரின் பொருள்களை அவற்றின் நீளம், வகை முதலிய விவரங்களோடு அப்படியே உள்ளே தரும். பதிலுக்கு ஒரு பொறுப்பையும் சுமத்தும். ஆர் பயன்படாத நினைவிடத்தை அவ்வப்போது கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே சி புதிதாக உருவாக்கிய பொருளை 'புரொடெக்ட்' என்று சொல்லிக் காத்துக்கொள்ளாவிட்டால், குப்பையென்று கருதி அதையும் பெருக்கித் தள்ளிவிடும்.

மாணவர்களின் முதல் முயற்சியில், சுழற்சியின் எல்லையைத் தவறாக எழுதிவிட்டார்கள். வரிசை முடிந்த பிறகும் சி நிரல் நிற்காமல் அடுத்தவர் நிலத்தில் எழுதிக்கொண்டே போயிற்று. ஆர் ஒரு சொல்கூடச் சொல்லாமல் அப்படியே மறைந்தது. சேமிக்காமல் வைத்திருந்த அரைநாள் வேலையும் உடன்போயிற்று. ஆரில் தவறு செய்தால் பிழைச்செய்தி வரும். சி உங்களை நம்பிவிடும். அந்த நம்பிக்கைதான் அதன் வேகம், அதுவே அதன் ஆபத்து.

அப்போது ஒரு மாணவி சொன்னதை மறக்க இயலாது. அவர் தாயார் பட்டாசுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். "எங்கம்மா வேலை பாக்கிற இடத்துல மருந்து கலக்குற ரூமைத் தனியா, தள்ளிக் கட்டியிருப்பாங்க ஐயா. ஒரு ரூம்ல இத்தனை பேருதான், இவ்வளவு மருந்துதான்னு கணக்கு உண்டு. ஒண்ணு வெடிச்சா அடுத்தது பத்தக் கூடாது. இங்க ரெண்டு ரூமுக்கும் நடுவுல சுவரே இல்லையே!" நண்பர் வியந்து போனார். மெய்தான். ஆரும் அது அழைக்கும் சியும் ஒரே நினைவிடத்தில் வாழ்கின்றன. இடைவெளி வைத்தால் பாதுகாப்பு கூடும். செய்தி போய்வர நேரமும் கூடும். சுவர் இல்லாததால்தான் அவ்வளவு வேகம். ஆகவே சுவர் செய்யவேண்டிய காவலை எழுதுபவரின் ஒழுக்கம் செய்யவேண்டும்: வாசலிலேயே வகையைச் சோதி, நீளத்தைச் சோதி, பிறகு உள்ளே விடு. பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை, வெடி மருந்தின் அருகே வாழும் வீட்டுப் பிள்ளை மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

இந்த இடர்களைக் குறைக்க, சி++ மொழி வழியாக வாசலை எளிதாக்கும் ஆர்சிபிபி என்ற தொகுப்பு 2005 வாக்கில் முளைத்தது. 2008க்குப் பிறகு டர்க் எடில்பியூட்டல், ரொமேன் ஃபிரான்சுவா ஆகியோர் கையில் வளர்ந்து, இன்று ஆயிரக்கணக்கான ஆர் தொகுப்புகளுக்கு அடித்தளமாக நிற்கிறது. காவலின் பெரும்பகுதியை அது தானே ஏற்றுக்கொள்கிறது. எனினும் மாணவர்களை முதலில் வெறுங்கையோடு சியில் எழுத வைத்த நண்பரின் முடிவு சரியென்றே நமக்குப் படுகிறது. சுவர் இல்லை என்பதை ஒருமுறையேனும் கண்ணால் கண்டவர்தான் பிறகு எச்சரிக்கையோடு இருப்பார்.

எல்லையைத் திருத்திய பிறகு நிரல் சில நொடிகளில் ஓடி முடிந்தது. வறண்ட இடைவெளி பற்றிய முடிவு அவர்களுடைய ஆய்வேட்டுக்குரியது. அதை இங்கே எடுத்துரைப்பது முறையாகாது.

நாம் சொல்லவேண்டியது ஒன்றுதான். ஒரு கருவியைப் பயன்படுத்துவது எளிது. அதன் உள்ளறை நமக்குரியதன்று என்று நம்பிவிடுவது அதைவிட எளிது. அந்த நம்பிக்கை வளர்ந்தால், சென்னையில் பிறந்தவர் வகுத்த முறையைக்கூட அயலார் சரக்கென்று எண்ணித் தள்ளி நிற்போம். உள்ளே இருப்பவர்கள் தெய்வங்களல்லர். ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்தவரின் பெயரைச் சொல்லிவிட்டுத் தம் பெயரையும் ஆண்டையும் பொறித்துச் சென்ற தொழிலாளர்கள். அங்கே அடுத்த பெயருக்கும் இடம் இருக்கிறது.

முன்னுரையைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, அந்தச் சி கோப்பை ஒருமுறை காட்டச் சொன்னோம். முப்பது வரிகூட இல்லை. தலையில் ஒரு குறிப்பு இருந்தது. எண்ணும் முறையைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயர். அதன்கீழ் நான்கு மாணவர்களின் பெயர்கள், ஆண்டு. கடைசி வரியில், காரியாபட்டி.